அரைப் பேரும் ஒட்சியேற்ற எண்ணும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த நீதிமுறைகளில் ஆகச் சிறந்தது இரசாயனமே என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை, இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே உள்ள கருங்கல்லுத் தேயிலைத் தோட்டத்தையே சேரும். சட்டம் சாட்சி கேட்கும். சோதிடம் சாதகம் கேட்கும். இரசாயனம் யாரையும் எதையும் கேட்காது. மூலகங்கள் கூடிய சேர்வைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும், ஆளுக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும், போய்விடும். இத்தனை நாகரிகமான முறையை மருந்துத் தூளுக்கும் துருவுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது எவ்வளவு பெரிய விரயம்!

அந்த விரயத்தைக் கண்டு பதினோரு வருடம் மனம் புழுங்கியவர் செல்லசாமி மாஸ்டர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் உதவி ஆசிரியர். அட்டனில் படித்து, எஸ்.எஸ்.ஸி. பரீட்சையில் இரசாயனத்துக்குத் திறமைச் சித்தி வாங்கியவர். தோட்டத்துப் பள்ளிக்கூடமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒட்சியேற்ற எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தால் பிள்ளையின் தகப்பன் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்துவிடுவான். ஆகவே மாஸ்டர் தன் கல்வியையெல்லாம் மனைவி அம்மாக்கண்ணுவிடம் காட்டினார். கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி இரண்டு வருடம். தப்பித்துப் போக இடமில்லாத மாணவி.

அட்டைக்கடிக்குப் போட டிஸ்பென்சரியில் கொடுத்த ஊதாத் தூளை அவள் தண்ணீரில் கரைத்துக் காலில் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் பாடத்தை ஆரம்பித்தார்.

"இதுக்குப் பேரு பொற்றாசியம் பரமங்கனேற்று. இதுல பொற்றாசியத்துக்கு ஒட்சியேற்ற எண் சக ஒண்ணு. கூட்டல் குறி. ஒட்சிசனுக்குச் சய ரெண்டு. கழித்தல் குறி. நாலு ஒட்சிசன் இருக்கு, ஆகச் சய எட்டு. மொத்தத்தைக் கூட்டினா பூச்சியம் வரணும். அப்ப நடுவுல நிக்கிற மங்கனீசுக்கு எவ்வளவு?"

"எனக்கு எப்படீங்க தெரியும்?"

"சக ஏழு!"

"அதுகிட்ட கேட்டீங்களா?"

"எதுகிட்ட?"

"அந்த மங்கனீசுகிட்டதான்."

"மூலகத்துக்கிட்ட யாராவது கேப்பாங்களா, புள்ள? மத்தவங்களுக்கு இன்னதுன்னு எழுதிட்டா மிச்சம் இருக்கிறது இதுக்கு. அவ்வளவுதான்."

"மொத்தம் பூச்சியமா வரணும்னு யாருங்க சொன்னா?"

"அது விதி."

"எங்க மாமியாவும் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவாங்க" என்று அம்மாக்கண்ணு மற்றக் காலை நீட்டினாள்.

மாஸ்டர் தளரவில்லை. அணுக்கருவைச் சுற்றி ஓடும் இலத்திரன் என்றொரு சமாசாரம் உண்டு, அதை இழந்த மூலகத்துக்குச் சக, வாங்கிக்கொண்ட மூலகத்துக்குச் சய என்று அடுத்த பாடத்தையும் எடுத்தார்.

"பறிகுடுத்தவனுக்கா கூட்டல் குறி?"

"ஆமா."

"நல்ல படிப்புங்க" என்றாள் அவள்.

இப்படி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அறிவியலுக்கு 1965ஆம் ஆண்டு விடிவு பிறந்தது. அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத தோட்டத்து மக்களை நியாயமாகப் பங்கு போட்டிருந்தன. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் 'பிறகு பேசிக்கொள்ளலாம்'. எண்ணிக்கை சுத்தமாக இருந்தது. எவர் எந்த எண்ணிக்கைக்குள் என்ற அற்ப விவரம்தான் பாக்கி. அதற்கு ஓர் ஒத்திகை பார்க்க, 'மாதிரி வகைப்படுத்தல் உத்தியோகத்தர்' என்ற பெரிய பெயரோடும் ஒரு சிறிய மேசையோடும் கருங்கல்லுத் தோட்டத்துக்கு வந்து இறங்கினார் திருவாளர் சிவசம்பு.

யாழ்ப்பாணத்தவர். இரசாயனத்தில் பட்டம் பெற்றவர். இரசாயனப் பட்டதாரிக்கு இரசாயன வேலை கொடுத்தால் அவர் அதோடு திருப்திப்பட்டுச் சோம்பிவிடுவார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். ஆகவே கோப்பு வேலை கொடுத்திருந்தது. அலுவலகம் வைக்க வேறு இடம் இல்லாததால், மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவைக் காலி செய்து கொடுத்தார்கள். தொட்டில்கள் வெளியே மரத்தடிக்குப் போயின. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பணி என்பதால் கைக்குழந்தைகள் மழையைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் செல்லசாமி மாஸ்டர் உத்தியோகத்தருக்கு உதவியாளர் ஆனார்.

முதல் நாள் முதல் ஆளாக மூக்கன் வந்து நின்றான். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் காம்பராக்காரன். கவ்வாத்து வெட்டுகிறவன்.

"நீர் எந்த நாடு?" என்றார் சிவசம்பு.

"பத்தாம் நம்பர் மலைங்க."

"அதில்லை காணும். எங்கை பிறந்தனீர்?"

"பீலிக்கரைக் காம்பராங்க."

"தேப்பன்?"

"அவரும் அதே காம்பராதாங்க."

"தேப்பன்ரை தேப்பன்?"

"அவரு துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பார்த்ததில்லீங்க ஐயா."

"சரி. இப்ப உமக்கு எங்கை போக விருப்பம்?"

"மலைக்குத்தாங்க. நேரமாச்சு, கண்டாக்கு ஐயா ஏசுவாரு."

மூன்று நாளில் நாற்பது பேரை விசாரித்து ஒருவரையும் வகைப்படுத்த முடியாமல் உத்தியோகத்தர் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் இங்கேயே பிறந்திருந்தார்கள். எல்லோருக்கும் அங்கே ஒரு பாட்டன் இருந்தான். எல்லோரும் இங்கேயே இருக்க விரும்பினார்கள். மனித விருப்பம் இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்தால் ஒப்பந்தம் என்ன ஆவது?

அந்தச் சரித்திர நிமிடத்தில்தான் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, மூணு தொகையையும் எழுபத்தையாயிரத்தால வகுத்துப் பார்த்தேங்க. ஏழு, நாலு, ரெண்டு. மிச்சமில்லாம வருதுங்க. பதின்மூணு பேருக்கு ஏழு பேர் அங்க, நாலு பேர் இங்க, ரெண்டு பேர் பிறகு. இது கணக்கு இல்லீங்க ஐயா. இது ஒரு சூத்திரம்."

சிவசம்பு நிமிர்ந்து பார்த்தார். பல வருடமாகக் கோப்புகளுக்கு அடியில் கிடந்த ஒரு மாணவன் அவருக்குள் எழுந்து உட்கார்ந்தான்.

"ஓம் காணும்! போற ஏழு பேருக்கும் ஆளுக்குச் சய நாலு போடுவம். இருக்கிற நாலு பேருக்கும் ஆளுக்குச் சக ஏழு. அங்கை இருபத்தெட்டு, இங்கை இருபத்தெட்டு. வெட்டுப்பட்டுப் போச்சு! அப்ப மிச்ச ரெண்டு பேருக்கும் என்ன எண்?"

"பூச்சியங்க ஐயா."

"பூச்சியம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார் சிவசம்பு. இருவர் கண்ணும் கலங்கின. ஒன்றரை இலட்சம் பேரின் பிரச்சினை ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோன சந்தோஷத்தில் வேறென்ன செய்ய முடியும்?

யார் ஏழு, யார் நாலு என்பதை எப்படித் தெரிவது? அதற்கும் அறிவியலில் இடம் இருந்தது. மூலகங்களை வரிசைப்படுத்த ஆவர்த்தன அட்டவணை உண்டு; தோட்டத்து மக்களை வரிசைப்படுத்த வெள்ளைக்காரன் ஒரே வரிசை அறைகளாக லயம் கட்டி வைத்திருக்கிறான். காம்பரா வரிசைப்படி எண்ணிக்கொண்டு போனால் தீர்ந்தது. பிள்ளைகள் பெற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு போகட்டும்.

"எந்தப் பக்கத்திலை இருந்து எண்ணுறது? பீலிப் பக்கமோ, கோயில் பக்கமோ?"

மாஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். அவருடைய லயத்தில் பெரியவர்கள் சரியாகப் பதின்மூன்று பேர். கோயில் பக்கத்திலிருந்து எண்ணினால் அவர் மூன்றாவது ஆள். சய நாலு, கப்பல். பீலிப் பக்கத்திலிருந்து எண்ணினால் பதினோராவது. சக ஏழு, வேலை, வீடு, பென்சன். கண்ணைத் திறந்தார்.

"பீலிப் பக்கந்தாங்க ஐயா. தண்ணிதானே எல்லாச் சேர்வைக்கும் மூலம்."

"கெட்டிக்காரன்!" என்றார் சிவசம்பு.

தன் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வது மனித சுபாவம். பதினோராவது ஆளுக்கு அடுத்தவர் பன்னிரண்டாவது ஆள் என்பது எண்ணிக்கையில் கெட்டிக்காரரான மாஸ்டருக்கு அப்போது தோன்றவில்லை.

தோன்றியபோது லயத்துப் பட்டியல் பச்சை மையில் ஏறிவிட்டிருந்தது. ஏழாவது ஆள் வரைக்கும் சய நாலு. எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் சக ஏழு. பன்னிரண்டு, அம்மாக்கண்ணு. பதின்மூன்று, கோயிலை ஒட்டிய காம்பராவில் இருந்த விதவை அழகம்மா. இரண்டுக்கும் நேரே வட்டமாக, அழகாக, பூச்சியம். ஆனால் ஒவ்வோர் ஆளையும் நேரில் அழைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருந்தது. மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஐயா முன்னால நிக்கும்போது உன் குறையை வாய் விட்டுச் சொல்லு. பயப்படாதே" என்று மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்தக் குறை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியலைச் சொல்ல வேண்டும். பட்டியலைச் சொன்னால் பீலியைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் விசாரணைக்காகக் கொழுந்து மலையை விட்டு இறங்கிய பெண்களுக்கெல்லாம், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அரைப் பேர் போட்டார். தோட்டத்தில் பேர் என்றால் ஊர் பேர் அல்ல. ஒரு நாள் வேலை. முழு நாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த கொழுந்து றாத்தல் கணக்கில் குறைந்தால், பாதியில் போனால், அரைப் பேர். அம்மாக்கண்ணு கொதித்துக்கொண்டு வந்தாள். அவள் வந்த நேரம், உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவர மாஸ்டர் பெக்டரிக்குப் போயிருந்தார்.

சிவசம்பு நிமிராமலே கேட்டார்: "எத்தனை பேர்?"

காம்பராவிலிருந்து எத்தனை ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மாக்கண்ணுவின் காதிலோ நீதியே நேரில் வந்து கேட்பதுபோல் விழுந்தது.

"அரைப் பேருதாங்க ஐயா!"

பேனா நின்றது. "அரைப் பேரோ?"

"ஆமாங்க ஐயா. சந்தேகமே வேணாம். கண்டாக்கு ஐயா கைப்பட எழுதி வச்சிருக்காரு, வேணும்னா பாருங்க. எனக்கு மட்டும் இல்ல, பொம்பளைங்க எல்லாத்துக்கும் அரைதான்."

"எழுத்திலை இருக்கோ?"

"இருக்குதுங்க."

எழுத்தில் இருக்கும் ஒன்றைச் சந்தேகிப்பது உத்தியோக தர்மம் அல்ல. அதோடு சிவசம்பு படித்தவர். காந்தக்கல்லில் உள்ள இரும்பின் ஒட்சியேற்ற எண் இரண்டும் மூன்றில் இரண்டு பங்கும் என்று அவருக்குத் தெரியும். இரும்பே பின்னமாக இருக்கலாமென்றால் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் பின்னமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? எழுதினார்: 'ஆட்கள்: அரை. எண்: பூச்சியம்.'

தேத்தண்ணீரோடு திரும்பிய மாஸ்டர் அதைப் படித்துவிட்டுப் பதறினார்.

"ஐயா, அது இன்னிக்குச் சம்பளப் பேருங்க! முழு ஆளுங்க அவ. என் சம்சாரங்க!"

"உம்மட மனிசியோ? முந்தியே சொல்லியிருக்கலாமே. பச்சை மையிலை எழுதினதை அழிக்கேலாது காணும்." சிவசம்பு தேத்தண்ணீரை உறிஞ்சினார். "ஏன் பதறுறீர்? பூச்சியத்திலை பாதியும் பூச்சியந்தானே. கூட்டுத்தொகைக்கு ஒரு சேதமும் இல்லை."

மாஸ்டர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கூட்டுத்தொகைக்கு உண்மையாகவே ஒரு சேதமும் இல்லை.

சாயங்காலம் விஷயத்தை வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. மாஸ்டர் அறிவியல் வழியிலேயே சொன்னார்.

"பூச்சியம்னா கேவலம் இல்ல, புள்ள. தங்கம்கூடத் தனியா இருக்கிறப்ப பூச்சியந்தான்."

"தனியா இருக்கிறப்பதானே?" அம்மாக்கண்ணு அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்தாள். "என்னையை யாருங்க தனியா ஆக்குனது?"

"அது வந்து... வரிசை."

"உங்களுக்கு என்ன எண்ணு?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். "சக ஏழு."

"அந்த ஊதாத்தூள்ல நடுவுல நின்னுச்சே, அதுக்குப் போட்டதா?"

"அதேதான்" என்றார் மாஸ்டர். அவள் அதை ஞாபகம் வைத்திருந்தது அவருக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய நேரம் அது அல்ல என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை அம்மாக்கண்ணு கொழுந்து மலைக்குப் போனாள். மற்றவர்கள் இரண்டாம் முறை கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அரைக் கூடையோடு வந்து தராசடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாடி இது?" என்று கத்தினார் கண்டாக்கு.

"கவுருமெண்டு ஐயா என்னைய அரை ஆளுன்னு பச்சை மையில எழுதிட்டாருங்க. அரை ஆளுக்கு அரைக் கூடை. அதுக்கு மேல எடுத்தா அரசாங்கத்துக்கு விரோதமாப் போயிருமுங்க."

அழகம்மா தன் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. "நான் பூச்சியங்க. கூட்டிப் பாத்துக்கிடுங்க." நேற்று அரைப் பேர் வாங்கிய மற்றப் பெண்களும் கூடைகளை இறக்கி வைத்தார்கள்.

ஆண்கள் வேலை செய்யும் மலைக்கு இந்த அறிவியல் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தது. மூக்கன் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்தான்.

"நமக்குச் சய நாலு. சயன்னா கழித்தலாம். நாம வேலை குடுக்கக் கூடாதுடா, இங்கேருந்து எடுத்துக்கிட்டுப் போகணும்" என்று சொல்லி, ஒரு பிடி தேயிலைக் கொப்பை ஒடித்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தான். அவன் பின்னால் மற்றச் சய நாலுகளும் ஆளுக்கொரு கொப்போடு நடந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பெக்டரியில் வாடப்போட இலை இல்லை. பன்னிரண்டரைக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் சைக்கிள் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றது. துரைக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் றாத்தல் தெரியும். உள்ளே ஐந்து நிமிடம் சத்தம் கேட்டது. மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதன.

துரை போனதும் சிவசம்பு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பெரிய விஞ்ஞானிகளுக்கு நெருக்கடியில்தான் விளக்கு எரியும்.

"மாஸ்டர், ஒட்சிசனுக்கு என்ன எண்?"

"சய ரெண்டுங்க."

"எப்பவும்?"

"எப்பவும்... பேரொட்சைட்டுல தவிரங்க."

"பாத்தீரே! எந்த விதிக்கும் ஒரு விலக்கு இருக்கு. அது இல்லாட்டில் விதி நிக்காது. எழுதும்." சிவசம்பு எழுந்து நின்று சொன்னார்: "'மேற்படி அட்டவணையில் பூச்சியம், அரை, சய என வகைப்படுத்தப்பட்ட ஆட்கள் யாவரும், கொழுந்து மலையிலும் கவ்வாத்து மலையிலும் தராசடியிலும் மட்டும், காலை பெரட்டில் பேர் பதிவது முதல் மாலை வரை, முழு எண்ணாகக் கருதப்படுவர்.' எழுதினீரோ?"

மாஸ்டரின் பேனா 'முழு' என்ற சொல்லருகே கொஞ்சம் நின்றது. நேற்று இதே மேசையில் அவர் கெஞ்சிக் கேட்டது இந்த ஒரு சொல்லைத்தான். அப்போது அழிக்க முடியாத மை, இன்று துரையின் இலைக்காக ஒரு முழுப் பந்தி எழுத இடம் கொடுத்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உத்தியோகத்தரின் கைக்குக் கீழே பட்டியல் விரிந்து கிடந்தது. பதினோராவது வரியில் சக ஏழு பச்சையாக இருந்தது. மாஸ்டர் எழுதினார். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோல் குண்டு குண்டாக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதினார்.

அந்த அறிவித்தலைத் தராசடியில் ஒட்டும் பொறுப்பும் அவருக்கே வந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"என்னா எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

அவர் வாசித்தார். 'முழு எண்' என்ற இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க." அவள் கூடையை எடுத்துத் தலையில் கயிற்றை மாட்டிக்கொண்டாள். "வேலைக்கு முழுசு, நாட்டுக்கு அரை. அந்த ஐயாவுக்கு நான் யாருன்னு தெரியாது, கேக்கல. சரி. பீலிப் பக்கத்திலேருந்து எண்ணச் சொன்னது நீங்கன்னு, மரத்தடியில தொட்டில் ஆட்டுற பிள்ளைக்காம்பரா ஆயா காதால கேட்டுச் சொன்னா. கோயில் பக்கத்திலேருந்து எண்ணியிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணாக் கப்பல் ஏறியிருப்போம். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"மூலகத்துக்கிட்ட..." என்று ஆரம்பித்த மாஸ்டர் அதை முடிக்கவில்லை.

அவள் மலைக்கு ஏறினாள். அன்று மாலை லயத்துக்குத் திரும்பி, தன் சட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு கோயிலை ஒட்டிய அழகம்மாவின் காம்பராவுக்குப் போய்விட்டாள். பூச்சியமும் பூச்சியமும் சேர்ந்து இருந்தால் கூட்டுத்தொகை மாறாது. உத்தியோகபூர்வமாக யாரும் ஆட்சேபிக்க முடியாது.

கருங்கல்லுத் தோட்டத்து ஒத்திகை முழு வெற்றி என்று சிவசம்பு கொழும்புக்கு எழுதினார். எல்லா எண்களும் பிழையின்றித் தீர்மானிக்கப்பட்டன என்றும், உதவியாளரின் சேவை மெச்சத்தக்கது என்றும் குறிப்பிட்டிருந்தார். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. இலத்திரனைப் பறிகொடுத்த மூலகத்துக்குத்தான் சக என்பது விதி. அந்த விதிப்படி பார்த்தால், செல்லசாமி மாஸ்டருக்குப் போட்ட சக ஏழு நூற்றுக்கு நூறு சரியான விடை.